அவர் கையை எடுக்கும் வரை

ஜூன் 10, செவ்வாய்

பாப்பா,

நலமா என்று கேட்டுத் தொடங்குகிற கடிதம் இல்லை இது. உட்கார்ந்து படி. பக்கத்தில் யாராவது இருந்தால் நல்லது.

உன் அப்பா போய்விட்டார். முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை, காலை ஆராதனை முடிகிற நேரத்தில், ஆர்கன் முன்னாலேயே. நேற்று மாலை அடக்கம் செய்துவிட்டோம். உன் போன் நம்பர் யாரிடமும் இல்லை. ஐந்து வருஷத்துக்கு முன் "வேலை கிடைத்துவிட்டது, என்னைத் தேட வேண்டாம்" என்று எனக்கு எழுதினாயே, அதில் ரயில்வே ஸ்டேஷன் முகவரி இருந்தது. ஸ்டேஷனுக்குப் போன் போட்டேன். "அறிவிப்புப் பண்ற மேடமா? லீவு. புதன்தான் வருவாங்க" என்றார்கள். சாவுச் செய்தியை முகம் தெரியாத ஒருவனிடம் சொல்லி அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. தப்பென்றால் மன்னித்துக்கொள்.

முப்பது வருஷமாகக் கரண்ட் கம்பியைத் தொடுகிற என் கைக்கு இன்று பேனா பிடிக்க வரவில்லை. நடந்ததை யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும். உன்னைவிட்டால் யாரிடம் சொல்வேன்?

கடைசிப் பாட்டு முடிந்து ஆமென். ஆமெனுக்கு உன் அப்பா போட்ட சட்டம் உனக்குத் தெரியும். "நான் கையை எடுக்கிற வரைக்கும் ஒருத்தனும் நிறுத்தக் கூடாது. மூச்சு முட்டினா பக்கத்துல இருக்கிறவன் பாடட்டும். நீ மூச்சு வாங்கிட்டு மறுபடி சேர்ந்துக்கோ." நாற்பது வருஷமாக இந்தச் சட்டம்தான். சமீப காலமாக ஆமெனை ரொம்பவே நீட்டிக்கொண்டிருந்தார். மாஸ்டருக்கு வயசாக வயசாகப் பக்தி கூடுகிறது என்று சபையில் பேசிக்கொள்வார்கள்.

முந்தாநாளும் நீட்டினார். இரண்டு கையும் கட்டைகள்மேல் இருந்தன. தலை குனிந்து, பாட்டு நோட்டு வைக்கிற பலகையில் சாய்ந்திருந்தது. ஜெபம் பண்ணுகிறார் என்று நினைத்தோம். பாடினோம். நான் இரண்டு தடவை மூச்சு வாங்கிச் சேர்ந்துகொண்டேன். மூன்றாவது தடவை வாங்கும்போது அவருடைய இடது முழங்கை சரிந்து கட்டைகள்மேல் விழுந்தது. பத்து லாரி ஒரே நேரத்தில் ஹாரன் அடித்ததுபோல் ஆர்கன் அலறியது. அப்போதும் கீழ்க் குரல் பாடும் ஆல்ட்டோ வரிசையில் இரண்டு பேர் பாட்டை நிறுத்தவில்லை பாப்பா. அவர் இன்னும் கையை எடுக்கவில்லையே!

நான் ஓடிப்போய்க் காற்று ஊதும் மோட்டாரை அணைத்தேன். அலறல் முனகலாகி நின்றது. அதற்கப்புறம்தான் அவரைத் தொட்டோம்.

யாரோ ஆராதனையைப் போனில் படம் பிடித்திருக்கிறார்கள். தலை சாய்ந்ததிலிருந்து முழங்கை விழுகிற வரை ஒரு நிமிஷம் நாற்பது செகண்ட். அந்த மனுஷன் செத்துக்கொண்டிருந்தார், நாங்கள் ராகம் போட்டுக்கொண்டிருந்தோம். டாக்டர் பார்த்துவிட்டு, "இதயம் ஒரேயடியா நின்னிருக்கு. முன்னாடியே கவனிச்சிருந்தாலும் சொல்ல முடியாது" என்றார். சொல்ல முடியாது என்றால் என்ன? பிழைத்திருக்க மாட்டார் என்றா, பிழைத்திருக்கலாம் என்றா? கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

ஜூலை 20, ஞாயிறு காலை நினைவு ஆராதனை. அவருடைய வாழ்க்கையைப் பற்றி வீட்டு ஆள் ஒருவர் ஒரு பக்கம் எழுதி வாசிக்க வேண்டும் என்று போதகர் கேட்கிறார். எனக்கு ஃபியூஸ் போடத் தெரியும், எழுத வராது. நீ எழுது. நீயே வந்து வாசி. ஒன்பது வருஷம் போதாதா?

உன் மாமா


ஜூன் 17

மாமா,

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை கைக்கு வந்தது. உட்காராமல் நின்றுகொண்டே படித்தேன். பிறகு மைக் முன்னால் போய், நான்காம் நடைமேடைக்கு வரவேண்டிய வண்டியை ஆறாம் நடைமேடைக்கு வருவதாகச் சொன்னேன். சின்னக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, பெட்டிகளை இழுத்துக்கொண்டு நூறு பேர் படியேறி ஓடினார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று என் மண்டைக்கு எட்டவே இல்லை. சூப்பர்வைசர் வந்து மைக்கைப் பிடுங்கினார்.

அழுகை வரவில்லை. ஒரு நிமிஷம் நாற்பது செகண்ட் என்பதைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். கடிகாரத்தை வைத்துக்கொண்டு அவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்து பார்த்தேன். ரொம்ப நேரம் மாமா அது. பதினெட்டுப் பேரில் ஒருவருக்குக்கூட எட்டிப் பார்க்கத் தோன்றவில்லையா?

ஆனால் அந்தப் பதினெட்டுப் பேரை நானும் பார்த்திருக்கிறேன். அந்த வெள்ளிக்கிழமை ஒத்திகையை நீங்கள் மறந்திருக்கலாம். எனக்குப் பத்தொன்பது வயசு. மேல் குரலை நான் ஒருத்திதான் பாடினேன், மற்ற இரண்டு பெண்களுக்கும் கீழ்க் குரல். அப்பா வாசிப்பதை நிறுத்தினார். "குருவி, வாய்தான் அசையுது. சத்தம் எங்க?" என்றார். மறுபடியும் பாடினேன். "யாரை ஏமாத்துற? பாடுற மாதிரி நடிக்கிறது கடவுள்கிட்டயே பொய் சொல்றது" என்றார். மூன்றாவது தடவை தொண்டை கிழியப் பாடினேன். என் பாட்டு சர்ச் சுவரில் மோதித் திரும்பி வந்தது எனக்கே கேட்டது. "இந்த வரிசையில பொய்க்கு இடமில்ல. வெளிய போ" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். அப்பாவை இல்லை, பின் வரிசையில் நின்ற உங்களை. அம்மா போன பிறகு எனக்குத் தலை பின்னிவிட்டது நீங்கள். நீங்கள் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தீர்கள்.

வாழ்க்கைக் குறிப்பு எழுத என்னால் முடியாது. வரவும் மாட்டேன். ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுதுங்கள். அன்று நான் பாடியது உங்கள் காதில் விழுந்ததா, இல்லையா?

என்னைக் குருவி என்று யாரும் கூப்பிட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. இனிமேல் கூப்பிட ஆளும் இல்லை.


ஜூன் 21

பாப்பா,

கடிதம் கிடைத்தது. ஊசியைக் காய்ச்சிக் குத்துகிறாய். அப்பன் வாய் அப்படியே வந்திருக்கிறது உனக்கு. கொயரில் பதினெட்டு இல்லை, பத்தொன்பது பேர். என் குரலை உன் அப்பா கணக்கில் சேர்க்க மாட்டார். "அது குரல் இல்ல, தண்ணி மோட்டார்" என்பார்.

அடக்கத்துக்கு வந்த கூட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும். தெரு கொள்ளவில்லை. அவரிடம் பியானோ படித்தவர்கள் மூன்று தலைமுறை. லாரி டிரைவர் ஒருவர் சரக்கோடு வண்டியை ஓரம்கட்டிவிட்டு வந்து விக்கி விக்கி அழுதார். சான்றிதழில் கையெழுத்துப் போட்ட அந்த டாக்டர்கூட ஒரு வருஷம் படித்தவர்தான். "உனக்கு விரல் வராது, மூளைதான் இருக்கு. வேற வேலை பாரு" என்று துரத்திவிட்டாராம். "மாஸ்டர் துரத்தலேன்னா நான் இன்னிக்கு டாக்டரே இல்ல" என்றார். வாசலில் சோப்பும் துண்டும் வைத்து, கை கழுவாமல் ஒரு குழந்தையையும் பியானோவைத் தொடவிட மாட்டாரே, அந்தச் சோப்பு டப்பாவை யாரோ எடுத்துப்போய்விட்டார்கள். திருட்டு என்று எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லிச் சொல்லி அழுதார்கள். "நாங்க வாசிக்கும்போது தலையைச் சாய்ச்சு, பியானோ மேலேயே காதை வச்சுக் கேப்பாரு. எங்களை அவ்வளவு கவனமா வேற யாரும் கேட்டதில்ல."

இதற்கு மேல் எழுதப்போவதை நீ வேறு யார் வாயிலாவது கேட்பதைவிட நானே சொல்லிவிடுகிறேன். ஊர்வாயை மூட உலைமூடி உண்டா?

வியாழக்கிழமை ஆர்கன் ரிப்பேர்காரர் வந்தார். அன்று முழங்கை விழுந்ததில் நாலைந்து கட்டை அமுங்கிப்போய் எழும்பவில்லை. அவர் சரிசெய்துகொண்டே, பக்கத்தில் நின்ற போதகரிடம், "பாவம், காது போன பிறகும் மனுஷன் எப்படித்தான் ஓட்டினாரோ" என்றார். போதகர் வந்து இரண்டு வருஷம்தானே ஆகிறது. "யாருக்குக் காது போச்சு?" என்று கேட்டு அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

ஆமாம் பாப்பா. உன் அப்பாவுக்குக் காது கேட்காது. முழுசாக இல்லை. கீழ்ச் சத்தமெல்லாம் கேட்கும், மேல்சத்தம் போய்விட்டது. என் குரல் கேட்கும், ஒரு சின்னப் பெண்ணின் குரல் கேட்காது. ஆமெனை நீட்டியது பக்தியால் இல்லை. நாங்கள் பாடி முடித்துவிட்டோமா என்று அவருக்குத் தெரியவில்லை. நாங்கள் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தோம். எங்கே ஆரம்பிப்பது என்று ஆல்ட்டோ பாடுகிற டீச்சர் தலையை ஆட்டிக் காட்டுவார். பெண்கள் பிசகினால் நான் இருமுவேன். எங்களுக்கே முதலில் தெரிந்தது அந்த விசில் ஞாயிறு அன்றுதான். உச்சியில் இருக்கிற ஒரு குழாய் சிக்கிக்கொண்டு, பிரசங்கம் முழுக்க விசில் அடித்ததே! சபையே காதைப் பொத்திக்கொண்டது. அவர் மட்டும் நிம்மதியாகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆகவே உன்னை வேண்டுமென்று அவமானப்படுத்தினார் என்று நினைக்காதே. நீ பாடியது அவருக்குக் கேட்கவே இல்லை. இனியாவது மனசை ஆற்றிக்கொள். வந்துவிடு.

மாமா


ஜூன் 28

மாமா,

அப்பாவுக்குக் காது கேட்காது. இதை அறையில் தனியாக வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். வேறு யாரோ வீட்டுச் செய்தி மாதிரி இருக்கிறது. சமையலறையில் தண்ணீர் சொட்டினால் மாடியிலிருந்து "குழாயை மூடு" என்று கத்துகிற மனுஷன். என் செருப்புச் சத்தத்தை வைத்து நான் கோபமாக வருகிறேனா சிரித்துக்கொண்டு வருகிறேனா என்று சொல்கிற மனுஷன். அவருக்கா?

ஒரு நாள் முழுக்க இதிலேயே கிடந்தேன். மறுநாள் உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்தேன். அப்போதுதான் அந்த வரி கண்ணில் பட்டது.

விசில் ஞாயிறு எனக்கு நினைவிருக்கிறது மாமா. நான் அப்போது கொயரில்தான் இருந்தேன். கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன், ஆல்ட்டோ டீச்சர் என் முதுகில் கிள்ளினார். அது மழை தொடங்கிய மாதம். என்னை வெளியே அனுப்பியது மழை முடிந்த மாதம். நடுவில் இரண்டு மாதம்.

அப்படியானால் உங்களுக்குத் தெரியும். அப்பா என்னைப் பார்த்து "சத்தம் எங்க?" என்று கேட்டபோதே தெரியும். அவருக்குத்தான் தெரியாது. எனக்குத்தான் தெரியாது. நீங்களெல்லாம் தெரிந்துகொண்டு நின்றீர்கள்.

இந்த ஒன்பது வருஷத்தில் எனக்கு நடந்ததை யாரிடமும் சொன்னதில்லை. கொஞ்ச காலத்துக்குப் பிறகு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை நான் பாடவில்லையோ? வாயை அசைத்துவிட்டுப் பாடியதாகக் கற்பனை பண்ணிக்கொள்கிறேனோ? அவ்வளவு பேர் பேசாமல் நின்றால் எவளுக்கும் வரும் அந்தச் சந்தேகம். குளியலறையில்கூட நான் பாடுவதில்லை. இங்கே என்னுடன் வேலை செய்கிறவர்களுக்கு எனக்குப் பாட வரும் என்பதே தெரியாது.

நான் கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் எழுதவில்லை. லாரி டிரைவர் அழுததை எழுதினீர்கள். மறுபடியும் கேட்கிறேன். கேட்டதா, இல்லையா?


ஜூலை 3

பாப்பா,

கேட்டது.

ஒவ்வொரு தடவையும் கேட்டது. மூன்றாவது தடவை நீ பாடியது இன்னும் என் காதில் இருக்கிறது. அப்படி ஒரு குரலை அந்தச் சர்ச்சில் அதற்கு முன்னாலும் கேட்டதில்லை, பின்னாலும் இல்லை. இதை எழுத ஒன்பது வருஷமும் நாலு வெள்ளைத்தாளும் ஆகியிருக்கிறது. மற்ற மூன்றையும் கிழித்துப்போட்டேன்.

காரணம் சொல்கிறேன். நியாயம் என்று சொல்லவில்லை. அந்த வருஷம் சபைக் கமிட்டி ஆர்கனைத் தூக்கிவிட்டு எலெக்ட்ரிக் கீபோர்டு வாங்கலாம், வாசிக்கச் சின்னப் பையன் ஒருவனை வைத்துக்கொள்ளலாம் என்று பேசிக்கொண்டிருந்தது. மாஸ்டருக்குக் காது போச்சு என்று ஒரு வார்த்தை வெளியே போனால் கதை முடிந்தது. நீங்கள் இருந்த வீடும் சர்ச் வீடு. விசில் ஞாயிறுக்கு மறுநாள் நாங்கள் ஆறு பேர் அங்கி மாட்டுகிற அறையில் கூடிப் பேசினோம். அவரிடம் சொல்லக் கூடாது, யாரிடமும் சொல்லக் கூடாது, கமிட்டி முடிவெடுக்கிற வரை எப்படியாவது தாங்கிவிடுவோம் என்று ஆல்ட்டோ டீச்சர் சொன்னார். எல்லோரும் தலையாட்டினோம். அவருக்காக உயிரையும் கொடுத்திருப்போம் பாப்பா. அப்படித்தான் நினைத்துக்கொண்டோம். கடைசியில் கொடுத்தது உன்னை.

அன்று நீ திரும்பிப் பார்த்தாய். "அத்தான், அவ பாடுறா" என்று நான் சொல்லியிருக்கலாம், நாலு வார்த்தை கூட இல்லை. சொன்னால் அவருக்குக் காது கேட்காதது அந்த இடத்திலேயே வெளியாகிவிடும். அப்பனும் மகளும் நாலு நாளில் சேர்ந்துகொள்வார்கள், நான் ஏன் குட்டையைக் குழப்ப வேண்டும் என்று புத்தகத்தைப் புரட்டினேன். பதினைந்தே நாளில் நீ ஊரைவிட்டுப் போவாய் என்று எவன் கண்டான்! தும்பை விட்டு வாலைப் பிடித்த கதையாகிவிட்டது.

கமிட்டி ஆர்கனை வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தது. அன்று எல்லோரும் காப்பி குடித்துக் கொண்டாடினோம். நான் என் டம்ளரை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

அவர் ஒன்றும் தெரியாமலே போய்விட்டார் என்றும் நினைக்காதே. நாலு வருஷத்துக்கு முன் ரிப்பேர்காரர் வந்தபோது, "மேல் வரிசைக் குழாய் பன்னெண்டும் பேசவே இல்ல, சத்தமே வரல, கழட்டிச் சுத்தம் பண்ணுங்க" என்றாராம் அத்தான். அவர், "நல்லாத்தானே பேசுது மாஸ்டர்" என்று ஒவ்வொன்றாக அமுக்கிக் காட்டினாராம். அத்தான் அந்தக் குழாய்களின் வாயில் உள்ளங்கையை வைத்துக் காற்று வருகிறதா என்று பார்த்தாராம். காற்று வந்துகொண்டுதான் இருந்ததாம்.

உன் காலில் விழ வேண்டியவன் நான். வயசு தடுக்கவில்லை, தூரம்தான் தடுக்கிறது.

மாமா


ஜூலை 8

மாமா,

கேட்டது என்று நீங்கள் எழுதிய தாளை மடித்துக் கைப்பையில் வைத்திருக்கிறேன். வேலை நேரத்தில் இரண்டு தடவை எடுத்துப் பார்த்தேன். உங்கள்மேல் எனக்கு இருக்கிற கோபத்தை எழுத இந்த ஸ்டேஷனில் இருக்கிற காகிதம் பத்தாது. அது இருக்கட்டும்.

அதைவிடப் பெரிய இடி நீங்கள் கடைசியில் எழுதியது. நாலு வருஷத்துக்கு முன் அப்பாவுக்கே தெரிந்துவிட்டது என்கிறீர்கள்.

அப்பாவை எனக்குத் தெரியும். ஒரு குழந்தை ஒரு அடியைத் தப்பாக வாசித்தால் நாற்பது தடவை வாசிக்கவைத்துச் சரியான பிறகுதான் வீட்டுக்கு அனுப்புவார். தானே ஞாயிற்றுக்கிழமை ஒரு சுரம் தப்பினால், திங்கள்கிழமை ஆளில்லாத சர்ச்சுக்குப் போய் அதைச் சரியாக வாசித்துவிட்டு வருவார். தப்பென்று தெரிந்த பிறகு ஒன்றை அப்படியே விட்டுவிடுகிற மனுஷன் இல்லை. குழாய் வாயில் கை வைத்துப் பார்த்தவருக்கு, அந்தக் கணமே என் ஞாபகம் வந்திருக்கும். வராமல் இருக்காது.

அப்படியானால் ஏன் வரவில்லை? நாலு வருஷம் இருந்ததே. ஒரு கடிதம் போட்டிருக்கலாமே. உங்களிடம் முகவரி இருந்ததே. செத்தவர்மேல் கோபப்பட்டு ஓய்ந்து, இப்போதுதான் கொஞ்சம் அழ ஆரம்பித்தேன். அவருக்குத் தெரிந்தும் வரவில்லை என்றால், என்னை அவர் தேவையில்லை என்று விட்டுவிட்டார் என்றுதான் அர்த்தம். அதைத் தாங்க என்னால் முடியுமா என்று தெரியவில்லை.

உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள். இனிமேல் எதையும் காப்பாற்ற வேண்டாம்.


ஜூலை 12

பாப்பா,

இதைப் படித்துவிட்டு நீ என்னோடு பேசாமல் போனாலும் போ. சாகிறவரை சொல்லக் கூடாது என்று வைத்திருந்தேன். ஆனால் அவர் உன்னை வேண்டாமென்று விட்டார் என்று நீ நினைத்துக்கொண்டிருக்க, நான் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டுத் தூங்க முடியாது.

ரிப்பேர்காரர் ஆர்கனுக்குள் ஒட்டியிருக்கிற அட்டையில் வந்த தேதியை எழுதுவார். அக்டோபர் எட்டு. மறுநாள், அக்டோபர் ஒன்பது, மத்தியானம் பன்னிரண்டரை இருக்கும். நான் கடையில் ஒரு ஃபேனைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அத்தான் வந்தார். வார நாள், ஆனால் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை. ஷூ பளபளவென்று துடைத்திருந்தது. தோளில் அந்தப் பழுப்புப் பை.

"எங்க அத்தான், இந்த வெயில்ல?" என்றேன்.

"ரெண்டு மணி வண்டிக்கு" என்றார். உட்காரவில்லை. ஃபேனையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் கேட்டார். "மோட்டார், ஒண்ணு கேக்கிறேன். உள்ளதச் சொல்லு. அன்னிக்கு அவ பாடினாளா?"

கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தேன். ஐந்து வருஷமாக அவர் வாயில் உன் பேச்சே வந்ததில்லை. வேலை கிடைத்ததென்று நீ எழுதிய கடிதத்தை நான் காட்டியபோதுகூட, முகவரி வரை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தவர்.

"பாடியிருந்தா நான் போய் அவ முன்னாடி நிக்கணும்" என்றார். "நீ பின்னாடி வரிசையில இருந்தே. உனக்குக் கேட்டிருக்கும்."

நான் சொன்னேன்: "இல்ல அத்தான். வாய்தான் அசைஞ்சுது. நீங்க சொன்னது சரிதான்."

ஏன் சொன்னேன் என்று நாலு வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். உண்மையைச் சொன்னால் இந்த மனுஷன் உடைந்துபோவார், ஆர்கனைத் தொடவே மாட்டார் என்று பயந்தேன். இதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். இன்று உன்னிடம் மறைக்க ஒன்றும் இல்லை. அவர் அடுத்து என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். "அப்ப ஏன்டா இத்தனை வருஷம் சொல்லல?" என்று கேட்பார். அதற்குப் பயந்தேன். என் தோலைக் காப்பாற்றிக்கொண்டேன், அவ்வளவுதான்.

அவர் "அப்ப சரி" என்றார். பையைத் தோள் மாற்றிக்கொண்டு வந்த வழியே வீட்டுக்குப் போனார். பின்னாலேயே ஓட வேண்டும் என்று எழுந்தேன். எழுந்தேன், அவ்வளவுதான், மறுபடி உட்கார்ந்துவிட்டேன். அதற்கப்புறம் உன்னைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நீ பாடவில்லை என்று நம்பிக்கொண்டே செத்தார். நான் நம்பவைத்தேன்.

ஒரு நிமிஷம் நாற்பது செகண்டுக்காக என்னைக் கேட்டாய். இந்த நாலு வருஷத்துக்கு என்ன பதில் சொல்வேன்?

வாழ்க்கைக் குறிப்பு வராது என்று போதகரிடம் சொல்லிவிடுகிறேன்.

மாமா


ஜூலை 16

மாமா,

போதகரிடம் சொல்ல வேண்டாம். எழுதிவிட்டேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று மேஜைமேல் தலையை வைத்துக்கொண்டு கிடந்தேன். ரொம்ப நேரம் கழித்துப் போய் நாலு வருஷத்துக்கு முந்தைய பணிப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். உங்கள் ஊரிலிருந்து ரெண்டு மணிக்குப் புறப்படுகிற வண்டி இங்கே மறுநாள் காலை ஆறேகாலுக்கு வரும். அக்டோபர் பத்து காலை ஷிஃப்டில் இருந்தது நான்தான். அந்த வண்டி வந்துசேர்ந்ததை நான்தான் சொல்லியிருக்கிறேன். அவர் வந்திருந்தால், இறங்கியதும் முதலில் என் குரல்தான் வந்திருக்கும். அவருக்குக் கேட்டிருக்குமா என்று தெரியவில்லை. நான் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்திருப்பேன்.

அவர் கிளம்பினார். எனக்கு அது போதும். உங்களை என்ன செய்வது என்பது எனக்கு இன்னும் தெரியவில்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் பொய். இந்தக் குடும்பத்தில் நல்லெண்ணத்தில் சொன்ன பொய் போதும்.

ஞாயிறு காலை வருகிறேன். முன் வரிசையில் உட்காருவேன். கீழே இருப்பதை வாசிக்க வேண்டியது நானில்லை, நீங்கள். ஒரு வார்த்தை கூட்டாமல், ஒரு வார்த்தை விடாமல். வாசித்து முடிக்கிற வரை என்னைப் பார்க்காதீர்கள்.

"என் அப்பா இந்த ஆர்கனை நாற்பது வருஷம் வாசித்தார். உங்களில் பாதிப் பேருக்கு முதலில் கை கழுவவும் அப்புறம் வாசிக்கவும் கற்றுக்கொடுத்தார். தப்பாக வாசித்தால் கத்துவார். சரியாக வாசித்தால் ஒன்றும் சொல்லாமல் அடுத்த பக்கத்தைத் திருப்புவார். அந்தப் பக்கம் திரும்புவதற்காகவே நாமெல்லாம் உயிரை விட்டோம்.

"கடைசி ஒன்பது வருஷத்துக்கு மேலாக அவருக்கு மேல்சுரம் கேட்கவில்லை. கேட்காததால், பாடிக்கொண்டிருந்த மகளைப் பாடவில்லை என்று சொல்லி இந்தக் கொயரிலிருந்து அனுப்பினார். மகள் பாடினாள். இங்கே இருக்கிற சிலருக்கு அது தெரியும்.

"தன் காதைப் பற்றித் தெரிந்துகொண்ட மறுநாளே, நல்ல சட்டை போட்டு, ஷூவைத் துடைத்து, பையை எடுத்துக்கொண்டு மகளைப் பார்க்கக் கிளம்பினார். தான் செய்தது தப்புதானா என்று போகிற வழியில் ஒரே ஒருவரிடம் கேட்டார். அந்த ஒருவர், தப்பில்லை என்று பொய் சொன்னார். அப்பா வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

"அந்தப் பொய்யைச் சொன்னவர் என் மாமா. இதை உங்கள் முன்னால் நின்று வாசித்துக்கொண்டிருப்பவர் அவர்தான்."